கோணல் ஹேண்டிலும் இழுக்கிற வண்டியும்: புல்லட் ஃபோர்க் பற்றி ஒரு குறிப்பு

போன ஐப்பசி மழையில், அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் அப்பாவின் புல்லட்டை விட்டுவிட்டேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டியைத் தூக்கி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. ஆனால் நேராகப் போகும்போது ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. கூடவே வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கவும் செய்கிறது.

முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில் தூரத்தில் நின்று பார்த்தே சொல்லிவிட்டார்கள்: "சேசிஸ் அடி வாங்கிருச்சு சார். ஃபோர்க் செட்டு மொத்தமா மாத்தணும். அப்பவும் கேரண்டி இல்ல." அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் அப்பா, "காயலான் கடைக்குப் போட்டுடலாம்டா, யாரு ஓட்டப் போறா" என்றார். 1986-ல் வாங்கிய வண்டி. அம்மாவைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. ஹேண்டில் கோணுவது என்றால் உண்மையில் என்ன கோணுகிறது? ஏன் கோணுகிறது? இதற்குப் பதில் தேடப்போனால் முன்பக்க ஃபோர்க்கின் வரலாற்றுக்குள் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் வரைக்கும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் முன்னால் இருந்தது கர்டர் ஃபோர்க். முன் சக்கரத்தை ஒரு கெட்டியான இரும்புச் சட்டம் பிடித்திருக்கும். அந்தச் சட்டம் மேலே இரண்டு, கீழே இரண்டு இணைப்புத் தகடுகளால் வண்டியின் கழுத்தோடு சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங். போரில் ஓடிய ராயல் என்ஃபீல்டின் 350 சிசி ராணுவ வண்டியில் இருந்தது இதுதான். பாராசூட்டில் இறக்கிய 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற குட்டி வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம்.

கர்டர் ஃபோர்க்கில் எல்லாமே வெளியே தெரியும். புஷ் தேய்ந்தால் ஆடும், கையை வைத்தாலே தெரிந்துவிடும். சட்டம் வளைந்தால் கண்ணால் பார்க்கலாம். சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரே சட்டம் என்பதால், ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே முறுக்கு விழுவது என்ற பிரச்சினையே அங்கு அனேகமாகக் கிடையாது.

அந்தப் பிரச்சினை டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வந்தது. குழாய்க்குள் குழாய் வழுக்கும் யோசனை பழசு. 1908-லேயே இங்கிலாந்தின் ஸ்காட் வண்டிகளில் அதன் ஒரு வடிவம் இருந்தது. டென்மார்க்கின் நிம்பஸ் 1934-ல் கொண்டுவந்தது. உள்ளே எண்ணெய் ஊற்றி, அதிர்வை எண்ணெயாலேயே அடக்கும் ஃபோர்க்கை விற்பனைக்கு வந்த வண்டியில் முதலில் வைத்தது பிஎம்டபிள்யூ, 1935-ல், ஆர்12 மாடலில். 1941-ல் மேட்ச்லெஸ் தன் ராணுவ வண்டியில் வைத்தது. போர் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் இதற்கு மாறினார்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க அதிக இடம் கிடைக்கிறது, அடிக்கடி கிரீஸ் வைக்கும் வேலையும் குறைகிறது.

ஆனால் இதன் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு தனித்தனிக் கால்கள். மேலே ஒரு பிராக்கெட், கீழே ஒரு பிராக்கெட், அடியில் ஆக்ஸில். இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்று இடங்கள்தான். பிராக்கெட்டில் குழாயைப் பிடித்திருப்பது வெல்டிங் அல்ல, போல்ட்டை இறுக்குவதால் வரும் பிடிப்பு. பள்ளத்தில் சக்கரம் ஒரு பக்கமாக அடி வாங்கினால், அந்தப் பிடிப்புக்குள் குழாய் ஒரு நூல் அளவு நழுவலாம். நழுவினால் மேல் பிராக்கெட் ஒரு திசை, கீழ் பிராக்கெட் இன்னொரு திசை. எதுவும் வளையாமல், உடையாமல், ஹேண்டில் மட்டும் கோணலாகிவிடும்.

கணக்கு போட்டால், சக்கரத்துக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே வெறும் 2 டிகிரி வித்தியாசம் வந்தால் போதும். நடுவிலிருந்து கைப்பிடி நுனி வரை 37 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு நுனி 13 மி.மீ. முன்னால் போயிருக்கும், மறு நுனி அதே 13 மி.மீ. பின்னால். கண்ணுக்குப் பெரிய கோணல். உள்ளே நடந்ததோ மிகச் சின்ன நழுவல். பார்த்தவுடனே 'சேசிஸ் போச்சு' என்று சொல்ல வைப்பது இந்த விகிதம்தான்.

இந்த ஃபோர்க் நம்ம ஊருக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்ட், 1932-ல் இருந்தே 'புல்லட்' என்ற பெயரைப் பயன்படுத்தியது. நாம் புல்லட் என்று சொல்லும் வண்டி, முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் பின்னால் ஸ்விங் ஆர்மும் உள்ள 350 சிசி வண்டி, 1949-ல் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் அதை விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் அந்த வண்டி பிடித்துப்போய் பெரிய ஆர்டர் கிடைத்தது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு கருவிகளையே வாங்கி, 1960-களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிவிட்டது. புல்லட் மட்டும் சென்னையில் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. புல்லட் வந்த அதே 1949-ல்தான் குரோம்பேட்டையில் சி. ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அங்கே முதலில் ஆரம்பித்த படிப்புகளில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்கும் ஒன்று. அஸ்தினாபுரத்திலிருந்து சைக்கிள் தூரம். வண்டியைப் பற்றிய படிப்பு அங்கே நடக்க, வண்டியைப் பற்றிய கைப்பழக்கம் எங்கள் தெருக்களில் வளர்ந்தது. ஒரே மாதிரி ஃபோர்க் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்ததால், ஒரு மெக்கானிக் கற்றது அவரிடம் வேலை பழகிய பையனுக்கும் அப்படியே உதவியது.

புல்லட்டில் இன்னொரு விசேஷம். 1954-ல் ரெட்டிச்காரர்கள் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்பியர் மீட்டர் எல்லாவற்றையும் ஒரே வார்ப்புக் கூட்டுக்குள் அடக்கினார்கள். 'காஸ்கெட்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பக்கமும் புலிக்கண் மாதிரி குட்டி விளக்குகள். அழகுதான். ஆனால் அந்தக் கூடேதான் ஃபோர்க்கின் மேல் பிராக்கெட்டும். மற்ற வண்டிகளில் மேல் பிராக்கெட்டையும் கீழ் பிராக்கெட்டையும் மேலிருந்து பார்த்து ஒப்பிடலாம். புல்லட்டில் கூடு மறைத்துவிடும். கோணல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அப்போது கருவி வேண்டும். கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நூலும் கண்ணாடியும்.

இதில் ஒரு விஷயத்தை நான் இவ்வளவு நாளாகத் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். ஹேண்டில் கோணலாக இருப்பதும் வண்டி இழுப்பதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று நினைத்திருந்தேன். அனேகமாக அப்படி இல்லை.

ஆபீஸ் நாற்காலியின் சின்னச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் தானே திரும்பி, அச்சுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் கொஞ்சம் அப்படித்தான். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரை வரைக்கும் நீட்டினால், அது தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ரோட்டில் ஓடும் சாதாரண பைக்குகளில் சுமார் 8 முதல் 12 செ.மீ. வரை இருக்கும். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கிளம்பி, பலவிதமாக மாற்றிப் பார்த்தார். சக்கரச் சுழற்சியின் விளைவை ரத்து செய்த பிறகும் சைக்கிளை ஓட்ட முடிந்தது. டிரெயிலைத் தலைகீழாக்கியபோதுதான் தடுமாறியது. சைக்கிள் விழாமல் நிற்க இது மட்டுமே காரணம் இல்லை என்று 2011-ல் இன்னொரு குழு செய்தே காட்டியது. ஆனாலும் நேராக ஓடுவதில் டிரெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்கு வேண்டியது இதுதான்: நேரான பாதையைத் தேடுவது சக்கரம். ஹேண்டில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பி. கம்பி 2 டிகிரி திரும்பி உட்கார்ந்திருந்தாலும் சக்கரம் தன் வழியில் நேராகவே போகும். உங்கள் கைக்கு மட்டும்தான் கோணல். வண்டி உண்மையிலேயே ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், அதற்குக் காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும். வளைந்த ஃபோர்க் குழாய், கழுத்தில் அடி, தேய்ந்த பால் ரேஸ், இல்லையென்றால் பின் சக்கரம்.

இதைப் படித்துவிட்டு, ராஜேந்திர பிரசாத் ரோடு பக்கம் வேப்பமரத்தடியில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் டிரெயில் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், "இரு தம்பி, மொதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

சென்டர் ஸ்டாண்டு போட்டார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, நடுவில் எங்காவது தட்டுகிறதா, சிக்குகிறதா என்று பார்த்தார். பால் ரேஸ் சரி. அடுத்து ஹேண்டில் கம்பியே வளைந்திருக்கிறதா என்று, இரண்டு நுனியிலிருந்தும் கூட்டின் நடுவுக்கு டேப் வைத்து அளந்தார். சமம். பிறகு சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றி, ஃபோர்க்கின் இரண்டு மேல் குழாய்களின் மீதும் குறுக்காக ஒரு தடித்த கண்ணாடித் துண்டை அழுத்தினார். குழாய்கள் இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி அசையாமல் உட்காரும். இங்கே ஒரு மூலையில் டக் டக் என்று ஆடியது. "முறுக்கு விழுந்திருக்கு. வளைஞ்சிருக்கான்னு தனியா பாக்கணும்" என்று குழாய்களை வெளியே எடுத்து அதே கண்ணாடி மேல் உருட்டினார். வளைந்த குழாய் உருளும்போது அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். இரண்டும் சுத்தமாக உருண்டன.

"மாத்தவே வேணாம் தம்பி. அடி பட்டப்போ வளையாம நழுவிக்கிச்சு, அதான் பொழைச்சுது."

திரும்பப் பூட்டும்போது கீழ் பிராக்கெட் போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் முழுக்க இறுக்காமல் விட்டார். முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலைத் திருப்பி நேராக்கினார். ஸ்டாண்டை எடுத்து, முன் பிரேக்கைப் பிடித்து, ஃபோர்க்கை நாலைந்து முறை அழுக்கிவிட்டார். குழாய்கள் தங்கள் இடத்தில் தானாக உட்காரட்டும் என்றார். கண்ணாடியை மறுபடி வைத்துப் பார்த்தார், ஆடவில்லை. அப்புறம்தான் எல்லாவற்றையும் இறுக்கினார். ஹேண்டில் நேராகிவிட்டது. முறுக்கை அப்படியே விட்டு ஓட்டியிருந்தால், கால்கள் இணையாக இல்லாமல் உள்ளே உரசி, ஆயில் சீல் சீக்கிரம் போயிருக்கும் என்றார். பைப்பைச் சொருகி ஹேண்டிலை வளைத்து 'நேராக்கி'த் தருகிறவர்களும் உண்டாம். அப்படிச் செய்தால் ஒரு தவறு இரண்டாகும்.

ஓட்டிப் பார்த்தேன். இன்னும் இழுத்தது.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு நூல் கண்டை எடுத்து, பின் டயரைச் சுற்றி இரண்டு பக்கமும் முன்னால் இழுத்தார். முன்னும் பின்னும் ஒரே அகல டயர் என்றால், நூல் இரண்டு டயரின் ஓரங்களையும் ஒட்டிப் போக வேண்டும். பின் டயர் அகலமாக இருந்தால், முன் டயருக்கு இரண்டு பக்கமும் சம இடைவெளி வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு பக்கம் நூல் முன் டயரில் இடித்து வளைந்தது, மறுபக்கம் விரல் நுழையும் இடம். முன் சக்கரம் நேராகத்தான் இருந்தது. பின் சக்கரம்தான் திரும்பியிருந்தது.

புல்லட்டின் பின் ஆக்ஸிலில் செயின் டைட் வைக்க இரண்டு பக்கமும் நத்தை வடிவத்தில் பல் வெட்டிய காம் இருக்கும். இரண்டும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். ஒன்று முன்னால் இருந்தது. "யாரு தம்பி செயின் டைட் வெச்சது?" என்றார்.

நான்தான். மழைக்கு இரண்டு மாதம் முன்னால், யூடியூப் பார்த்து, வாசலில் உட்கார்ந்து. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். இரண்டு காமுக்கும் இடையே 20 செ.மீ. என்றால், அங்கே 3 மி.மீ. தப்பினால் போதும். புல்லட்டின் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 1370 மி.மீ. அந்தக் கோடு முன் சக்கரத்துக்கு வரும்போது 2 செ.மீ. விலகியிருக்கும். பள்ளத்தில் விழுவதற்கு முன்பே வண்டி இழுத்திருக்க வேண்டும். ஹேண்டில் நேராக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. விழுந்த பிறகு எல்லாப் பழியையும் பள்ளத்தின் மேல் போட்டேன்.

ஆகமொத்தம் எந்தப் பாகமும் மாற்றவில்லை. கூலியும் இரண்டு டீயும்தான் செலவு. ஃபோர்க் செட்டை மொத்தமாக மாற்றியிருந்தாலும் வண்டி இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும். அப்போது 'சேசிஸ் போச்சு' என்பது உறுதியாகியிருக்கும், வண்டி காயலான் கடைக்குப் போயிருக்கும். காரணம் கடைசி வரை பின் சக்கரத்தில் இருந்த ஒரு பல்.

அப்பாவிடம் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு செம்பாக்கம் வரை போய்விட்டு வந்தார். இறங்கும்போது, "இனிமே செயின்ல நீ கை வைக்காத" என்றார். காயலான் கடைப் பேச்சை எடுக்கவில்லை. அந்த நூல் கண்டிலிருந்து நாலு மீட்டர் வெட்டி வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன்.