அரண்மனைச் சோலையில் ஒரு துறவோவியம்

ஐரோப்பியக் கலைவரலாற்றில் பரோக்குக் காலம் எனப்படும் பகுதியில், மலையும் ஆறும் சூழ்ந்த நிலக்காட்சியிடையே தனித்துறையும் துறவியைத் தீட்டும் மரபு சிறப்புற்றது. அம்மரபின் சான்றுகளுள் ஒன்று, இசுப்பானிய ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் ஏறத்தாழ 1634-இல் தீட்டிய ‘வனத்து அந்தோணியாரும் வனத்துச் சின்னப்பரும்’ என்னும் படம். அது துறவைப் போற்ற எழுந்ததா, அரச வாழ்விற்கு அணியாக எழுந்ததா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா.

முதற்கண் புறச்சான்றை நோக்குவாம். நான்காம் பிலிப்பு மன்னர்க்காக ஒலிவாரெஸ் கோமகன் 1630-களில் மாட்ரிட் நகரின் கீழ்ப்புறத்தே எழுப்பிய இன்பமாளிகை புவென் ரெத்தீரோ. ‘நல்லொதுக்கிடம்’ என்பது அப்பெயர்ப் பொருள். அதன் சோலைகளில் புனிதர் பெயரால் துறவிக்குடில்கள் அமைந்தன. அவற்றுள் சின்னப்பர் குடிலுக்கென வரையப்பட்டதே இவ்வோவியம். அக்குடில்களில் வழிபாட்டோடு அரசவைக் கேளிக்கைகளும் நிகழ்ந்தன. உரோமையில் வாழ்ந்த குளோது லொரேன், நிக்கோலா பூசேன் முதலியோரிடமிருந்தும் துறவியர் உறையும் நிலக்காட்சிகள் அம்மாளிகைக்கெனப் பெறப்பட்டன. இவ்வளவில் நிற்பார்க்குத் துறவு அரசவையின் ஒப்பனையாகவே தோன்றும்.

அகச்சான்றோ வேறு கூறுகின்றது. புனித எரோணிமுஸ் 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய சின்னப்பர் வரலாறு இதற்கு மூலம். தம்மினும் மூத்த துறவியைத் தேடிச் செல்லும் அந்தோணியார் ஒரே படத்தில் ஐந்து முறை காணப்படுகின்றார். குதிரையுடல் மனிதனிடம் வழி வினவுகின்றார், ஆட்டுக்கால் வனமகனை எதிர்ப்படுகின்றார், குகைக்கதவைத் தட்டுகின்றார், சின்னப்பரோடு அமர்ந்திருக்கின்றார், இறுதியில், சிங்கங்கள் குழி அகழ, இறந்தவர் அருகே இறைஞ்சுகின்றார். காலத்தால் வேறுபட்ட இவற்றை ஒன்றாக்குவது இடையே கிடக்கும் நிலமே. ஆகலின் நிலம் இங்கு வெறும் பின்னணி அன்று. துறவி நடந்த வழியே நிலமாயிற்று.

நடுநிகழ்ச்சியில் காக்கை அப்பம் கொணர்கின்றது. 60 ஆண்டுகளாக அரை அப்பமே பெற்றவர்க்கு அன்று முழு அப்பம் வந்தது என்பது கதை. மிகுந்தது விருந்தினர் பங்கு ஒன்றே. செல்வம் குவிந்த மாளிகையின் நடுவே இவ்வளவை இவ்வோவியம் காட்டி நின்றது.

1640-இல் கத்தலோனியாவும் போர்த்துகலும் கிளர்ந்தெழுந்தன. 1643-இல் ஒலிவாரெஸ் பதவி இழந்தார். 1808 முதல் 1814 வரை நிகழ்ந்த போரில் மாளிகையின் பெரும்பகுதி பாழ்பட்டது. ஓவியமோ பிராதோ அருங்காட்சியகத்தில் நிலைபெற்றுள்ளது. எனவே, புரந்தார் நோக்கம் ஓவியம் பிறந்த சூழலை விளக்குமேயன்றி, அதன் பொருளை முற்றும் வரையறுக்காது என்பது எம் துணிபு.