வாய் எரிவு நோய்த்தொகுதி

புண்ணோ காயமோ தெரியாமலே நாக்கு, உதடு, அண்ணம் தினமும் 2 மணி நேரத்துக்கு மேலாக, 3 மாதங்களுக்கும் கூடுதலாக எரியும் நிலை. மாதவிடாய் நின்ற பெண்களையே அதிகம் வாட்டுகிறது. நுண்ணிய நரம்பிழைகளின் கோளாறு இதற்குப் பின்னால் இருப்பதாகக் கருதப்படுகிறது. மனப்பிரமை என்று தள்ளிவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இரும்புச்சத்து, விற்றமின் பி12 குறைபாடு, நீரிழிவு, பூஞ்சணத் தொற்று, வாய் வறட்சி, எனலாப்ரில் போன்ற மருந்துகள் ஆகியவையும் எரிவு தரும். அவை காரணமல்ல என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

இலங்கையின் ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் கேட்க வேண்டிய முதற்கேள்வி வெற்றிலை பாக்கைப் பற்றியது. பாக்குப் போடுபவருக்கு உறைப்புக் கறி பட்டதும் எரிந்து, கன்னம் இறுகி, வாய் திறக்கச் சிரமமானால் அது பெரும்பாலும் வாய்ச் சளிச்சவ்வடி நார்ப்பெருக்கம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே அதை உண்டாக்கும்; அது புற்றுநோயாகவும் மாறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கையே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது.

நரம்புசார் எரிவுக்கு, வைத்தியர் எழுதித்தரும் குளோனசெபாம் வில்லையை வாயில் கரைத்துத் துப்புவதும் உளவழிச் சிகிச்சையும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. உறைப்பு, புளி, மதுசாரம் கலந்த வாய்கொப்பளிப்பு நீர் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பாக்குப் போடுபவர் எரிவை உணர்ந்தால், பாக்கை நிறுத்திவிட்டு அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் தாமதமின்றிக் காட்டுங்கள்.