சர் முத்துக் குமாரசாமி: வழக்கும் வாய்மையும்
கெக் லோக் சி புத்தர் கோயில் குன்றின்மேல் நிற்கும் ஆயர் ஈத்தாமில், புத்தர் மொழியை ஆங்கிலத்திற்குத் தந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரை நாம் நினைவுகூர்வது பொருத்தமே. இலங்கையில் 1834-இல் பிறந்த முத்துக் குமாரசாமி, 1863-இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் அத்தகுதி பெற்றது அதுவே முதன்முறை என்பர்.

எனினும், அதே ஆண்டில் அவர் இலண்டனில் அச்சேற்றிய நூலையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அது தமிழ் அரிச்சந்திர நாடகத்தின் ஆங்கில ஆக்கம். நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, தானும் சுடலை காத்த நிலையிலும் பொய்யுரைக்க மறுத்த மன்னனின் கதை அது. வாதத்தையே தொழிலாகக் கொண்டவர் இக்கதையைத் தேர்ந்தது நமக்குச் சிறு முறுவலைத் தருகிறது. ஆயினும், ஆளவந்தோர் நடுவே தம் மக்கள் போற்றும் அறம் இன்னதெனக் காட்ட இதனினும் தக்க சான்றை அவர் எங்கே தேடியிருப்பார்?

இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர், சைவராயிருந்தும் பாளி மொழியின் சுத்தநிபாதப் பகுதிகளை 1874-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சர் பட்டமும் அவ்வாண்டே கிட்டியது. 1879-இல் அவர் மறைந்தபோது மகன் ஆனந்த குமாரசாமிக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. சபையில் அவரது இடத்திற்குச் சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதன் வந்தார்.