பறவை போனபின் எஞ்சிய அளவு: ஷாட்கன் கட்டையின் வரலாறு

ராஜஸ்தானில், பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள், மணற்கல்லில் பொறிக்கப்பட்ட ஒரு பட்டியல் இன்றும் நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அங்கு நடந்த வாத்து வேட்டைகளின் கணக்கு அது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன.

வேட்டையில் கலந்துகொண்டவரை ஆங்கில வேட்டைமொழி ‘கன்’ என்றே அழைக்கிறது. கருவியின் பெயர் அதை ஏந்தியவருக்கு ஆகிவந்தது. தமிழ் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும். இந்த ஆகுபெயருக்கு வெறும் சொல்வழக்கைத் தாண்டிய பொருளும் உண்டு. அக்காலத்துச் சீமான்கள், சமஸ்தான மன்னர்கள் ஆகியோரின் துப்பாக்கிகள் உண்மையிலேயே அவரவர் உடலுக்கு அளந்து செதுக்கப்பட்டவை.

இந்த அளவின் தேவை ஷாட்கன்னின் அமைப்பிலேயே இருக்கிறது. ரைஃபிளில் முன்குறி, பின்குறி என இரண்டு குறிகள் உண்டு. சுடுபவர் அவற்றை நிதானமாக நேர்க்கோட்டில் நிறுத்திச் சுடுகிறார். ஷாட்கன் பறப்பதைச் சுடுவதற்கானது. அதில் குழாய் நுனியில் ஒரு சிறு மணி மட்டுமே உண்டு, பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்து, கட்டையின் மேல்விளிம்பில் கன்னத்தை வைக்கும் அந்தக் கணத்தில், கண் தானாகவே குழாயின் நேர்க்கோட்டுக்கு வந்துவிட வேண்டும். சரிபார்க்க நேரம் இராது.

கணக்கு எளியது. கண்ணிலிருந்து குழாய் நுனி வரை ஏறத்தாழ ஒரு கஜம். ஆகவே 16 கஜத் தொலைவில் கண்ணின் இடப்பிழை 16 மடங்காகப் பெருகும்: கட்டையில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு பிழை, இலக்கில் ஓர் அங்குலம். கால் அங்குலப் பிழை 40 கஜத்தில் 10 அங்குலமாகிவிடும். ரவைச் சிதறலின் பயனுள்ள வட்டமே ஏறத்தாழ 30 அங்குல விட்டம்தான் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

இதற்காக அளக்கப்படுபவை மூன்று. முதலாவது, விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான நீளம். அது மிகுந்தால் தூக்கும்போது அக்குளில் உடை தடுக்கும். குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். இரண்டாவது, குழாயின் மட்டத்திலிருந்து கட்டை கீழிறங்கும் அளவு. இறக்கம் மிகுந்தால் கண் தாழ்ந்து குண்டு கீழே போகும். குறைந்தால் மேலே போகும். மூன்றாவது, பக்கவாட்டு வளைவு. வலக்கைக்காரருக்குக் கட்டை சற்று வலப்புறம் விலகியிருந்தால்தான் வலக்கண் குழாயின் மேல் நேராக அமையும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இவ்வளவுகளை எடுக்கவே ஒரு கருவி உருவானது. மூட்டுகளும் திருகாணிகளும் கொண்ட, நீட்டவும் வளைக்கவும் கூடிய கட்டை உடைய துப்பாக்கி அது. அளப்பவர் எதிரே நிற்பார். வாடிக்கையாளர் வெற்றுத் துப்பாக்கியை அவருடைய கண்ணை நோக்கித் தூக்குவார். குழாயின் மறுமுனையில் அந்தக் கண் எங்கே தெரிகிறது என்பதைப் பார்த்து அளப்பவர் திருகாணியைத் திருப்புவார். கிடைத்த எண்களின்படி வாதுமை மரம் செதுக்கப்படும்.

இதே காலத்தில்தான் பறவையும் மாறத் தொடங்கியது. போட்டிகளில் பெட்டிக்குள் அடைத்த உயிர்ப்புறாக்கள் கயிற்றை இழுத்து விடுவிக்கப்பட்டு வந்தன. அவற்றின் இடத்துக்கு முதலில் கண்ணாடிப் பந்துகள் வந்தன. 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண் தட்டை அறிமுகப்படுத்தினார். பெயர் மட்டும் போகவில்லை. தட்டு இன்றும் ‘களிமண் புறா’தான், கயிறே இல்லாத களத்திலும் வீரர்கள் ‘புல்’, அதாவது ‘இழு’, என்றே குரல் கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் இந்த மாற்றத்தை ஒரே குடும்பத்தில் காணலாம். பிகானேர் மன்னர் கங்கா சிங் தம் கஜ்னேர் ஏரிக்கரையில் நடத்திய கல்கௌதாரி வேட்டைகள் பேரரசெங்கும் பேசப்பட்டவை. அவருடைய பேரன் கர்ணி சிங் தட்டுகளைச் சுட்டார்: 1962இல் கெய்ரோ உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, 1960 முதல் 1980க்குள் ஐந்து ஒலிம்பிக் போட்டிகள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. 1982இல் கேவலாதேவ் தேசியப் பூங்காவாயிற்று.

இந்த மாற்றத்தோடு அளவும் சற்று மாறியது. ‘டிராப்’ களத்தில் தட்டு எப்போதும் மேலெழுந்து செல்வதால், அதற்கான கட்டை வேட்டைக் கட்டையைவிடச் சற்று உயர்ந்திருக்கும். குண்டு நோக்கிய இடத்துக்கு மேலே செல்லும். கன்னம் படியும் பகுதியைத் திருகாணியால் உயர்த்தித் தாழ்த்தும் வசதியும் வந்துவிட்டது. பழைய அளவுத் துப்பாக்கியின் கொள்கை இப்போது துப்பாக்கிக்குள்ளேயே குடியேறியிருக்கிறது.

எனினும், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டைகள் நீண்ட காலம் சராசரி ஆணின் உடலையே அளவாகக் கொண்டவை. 2012இல் ஷகுன் சௌத்ரி ஒலிம்பிக் ‘டிராப்’ போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவருக்குப்பின் களத்துக்கு வரும் இளம்பெண்களுக்கு நீளமும் இறக்கமும் அலங்கார விவரங்கள் அல்ல. பிறர் உடலுக்குச் செதுக்கிய துப்பாக்கியோடு ஒருவர் தவறவிடும் தட்டு, அவருடைய திறமைக் குறைவாகவே கணக்கில் ஏறும்.

பரத்பூர்க் கல்லில் வீழ்ந்த பறவைகளின் எண்ணிக்கை இருக்கிறது. அவற்றை வீழ்த்திய கட்டைகளின் அளவுகள் இல்லை. அந்தத் துல்லியம் ஒரு காலத்தில் சிலருக்கு மட்டுமே வாய்த்த சலுகை. அதன் விலையில் ஒரு பங்கைப் பறவைகள் கொடுத்தன. இன்று சதுப்பில் வாத்துகள் இறங்குகின்றன, களத்தில் தட்டுகள் உடைகின்றன. அந்த அளவு இனி யார் யாருடைய தோளுக்குக் கிடைக்கும் என்பதே இந்த வரலாற்றில் மீதமிருக்கும் கேள்வி.