மதிப்பெண் இல்லாத ஆறு வாரங்கள்: பள்ளி மாணவர்க்கான கோடைப் பள்ளிகளின் பயன் எங்கிருந்து வருகிறது?

1957ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், பள்ளி ஆசிரியர்களுக்கென நடந்துவந்த கணிதப் பயிற்சியின் கிளையாகப் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு வகுப்பைத் தொடங்கினார் பேராசிரியர் ஆர்னால்ட் ராஸ். சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று. அமெரிக்கக் கோடை அறிவியல் பள்ளிகள் ஸ்புட்னிக் அதிர்ச்சியில் பிறந்தவை என்றே பொதுவாக எழுதுகிறார்கள். ராஸின் முயற்சி அதற்குச் சில மாதங்கள் முந்தியது. அதிர்ச்சி கொண்டுவந்தது பணத்தை; கருத்து ஓர் ஆசிரியரிடமிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தப் பணம் எதற்குச் செலவானால் பயன் விளைகிறது என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ராஸ் 1964இல் தம் பள்ளியை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றார். 2000ஆம் ஆண்டுவரை, தொண்ணூறு வயதைக் கடந்தும், தாமே நடத்தினார். அதன் நடைமுறை மிக எளிமையானது. பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர்கள் விடுதியில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். வார நாள்களில் எண் கோட்பாட்டில் ஒரு விரிவுரை. கூடவே ஒரு கணக்குத் தாள். மீதி நேரம் முழுவதும் அந்தக் கணக்குகளோடுதான். 0க்கும் 1க்கும் இடையில் முழு எண் எதுவும் இல்லை என்பதை நிறுவு என்று ஒரு கணக்கு கேட்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைக்கும் மாணவர், நிறுவ முற்படும்போது திணறிப்போகிறார். இன்னொரு வகைக் கணக்கில் ஒரு கூற்று மட்டும் தரப்பட்டிருக்கும். அது சரியா தவறா என்று யாரும் சொல்வதில்லை. சரியென்றால் நிறுவ வேண்டும். தவறென்றால் மறுக்க வேண்டும். மறுத்ததோடு நிற்காமல், அந்தக் கூற்றை எப்படித் திருத்தினால் உண்மையாகும் என்றும் கண்டு சொல்ல வேண்டும்.

எழுதிய விடைகளைப் படிப்பவர் பேராசிரியர் அல்லர், அதே தளத்தில் தங்கியிருக்கும் கல்லூரி மாணவர். சில ஆண்டுகளுக்கு முன் இதே கணக்குகளோடு இரவெல்லாம் மல்லுக்கட்டியவர். "இந்த இடத்தில் நீ நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டுவிட்டாய்" என்று குறித்துத் திருப்பித் தருவார். மாணவர் மீண்டும் எழுதுவார். மதிப்பெண் கிடையாது, தரவரிசை கிடையாது. அடுத்த கோடையில் சில மாணவர்கள் இளநிலை வழிகாட்டிகளாகத் திரும்பி வந்து, புதியவர்களுக்கு உதவிக்கொண்டே அதே பாடத்தை இன்னும் ஆழமாகப் படிப்பார்கள். இப்படி வளர்ந்த ராஸின் பழைய மாணவர்கள்தாம் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ‘புரோமிஸ்’ என்ற ஆறு வாரக் கோடைப் பள்ளியைத் தொடங்கினார்கள்.

பாடப்பொருளைப் பார்த்தால் நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை, எண்ணியலின் அடிப்படைத் தேற்றம், மட்டு எண்கணிதம் ஆகியவை ராஸ் பாடத்தின் முதல் பாதி. தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற இயலைத் திறந்தால் இம்மூன்றும் அங்கே இருக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைச் சில வகுப்பு நேரங்களில் கடந்து, தேர்வில் ஒரு கணக்கு எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒஹாயோவில் அதே பொருளோடு வாரக்கணக்கில் வாழ்ந்து, கணிதவியலாளர் காஸ் நிறுவிய இருபடி எச்ச விதிவரை தாமாகவே ஏறிப்போகிறார்கள். பாடத்திட்டத்தின் கனத்தில் நாம் பின்தங்கவில்லை. பள்ளி ஆண்டு தர முடியாத நீண்ட தடையற்ற நேரமும், பிழையைக் கூடவே உட்கார்ந்து படித்துச் சொல்ல ஓர் ஆளும் அங்கே கிடைக்கின்றன.

ஆகவே என் துணிபு இது. கோடைப் பள்ளியின் பயனை உண்டாக்குவது புகழ்பெற்ற விருந்தினர் உரையோ, ஆய்வகச் சுற்றுலாவோ, சான்றிதழோ அன்று. மதிப்பெண் அச்சமின்றி ஒரே பொருளில் நீண்ட நாள் உழைப்பதும், சில ஆண்டுகளே மூத்த ஒருவர் அந்த உழைப்பை அன்றாடம் படிப்பதுமே அதை உண்டாக்குகின்றன. இவ்விரண்டையும் குறைத்துவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் முகாம் நடக்கும், கல்வி நடக்காது.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இத்தகைய பள்ளிகள் தங்கள் பழைய மாணவர்களில் யார் யார் பெரிய கணிதவியலாளர் ஆனார்கள் என்று பட்டியலிடுவது வழக்கம். அந்தப் பட்டியல் எதையும் நிறுவாது. கணிதத்தில் தோய்ந்த பிள்ளைகளையே தேடி எடுத்தால், பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பயனை அறிய ஒரே நேர்மையான வழி, தகுதியுள்ள விண்ணப்பதாரர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இடம் கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் பல ஆண்டுகள் பின்தொடர்வதுதான்.

அப்படியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சாரா கோடெஸ், ஹெலன் ஹோ, சில்வியா ரோபிள்ஸ் ஆகிய மூவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, உயர்தரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று அறிவியல், பொறியியல் துறைகளில் போதிய இடம் பெறாத சமூகங்களின் மாணவர்களுக்காக நடத்திய கோடைத் திட்டங்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் ஒரு வாரத் திட்டம், ஆறு வார உறைவிடத் திட்டம், ஆறு மாத இணையவழித் திட்டம் என மூன்று வகை இருந்தன. இடம் அளிக்கப்பட்ட மாணவர்கள் கல்லூரியில் சேர்வதும், நிலைப்பதும், பட்டம் பெறுவதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. மிகத் தீவிரமான ஆறு வாரத் திட்டம், நான்கு ஆண்டுகளில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் பெறுவதை 33 சதவீதம் உயர்த்தியது. ஒரு கோடைக்கு இது பெரிய விளைவு. குறுகிய திட்டங்களும் வீணாகவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பட்டத் துறையையே மாற்றுமளவு ஆழம் நீண்ட உழைப்பில்தான் மிகுதியாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் சான்று ‘அப்வர்டு பவுண்டு’ திட்டத்திலிருந்து வருகிறது. அதிபர் ஜான்சனின் வறுமை ஒழிப்புப் போரின் பகுதியாக 1965இல் தொடங்கிய திட்டம் அது. ஏழைக் குடும்பங்களிலிருந்தும், பெற்றோர் இருவரும் பட்டம் பெறாத வீடுகளிலிருந்தும் வரும் மாணவர்களுக்குப் பள்ளி ஆண்டு முழுவதும் துணைவகுப்பும், கோடையில் கல்லூரி வளாகத்தில் சுமார் ஆறு வாரப் படிப்பும் தருகிறது. 1990களின் தொடக்கத்தில் 67 திட்டங்களில் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2009இல் வந்த இறுதி அறிக்கை, கல்லூரியில் சேரும் விகிதத்தில் சராசரி விளைவு எதுவும் புலப்படவில்லை என்றது. ஒரே ஒரு திட்டத்துக்குக் கணக்கீட்டில் அளவுக்கு மீறிய எடை தரப்பட்டது என்று எழுந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. என் கவனத்தை ஈர்ப்பது அந்தச் சராசரி அன்று, அதற்குள் மறைந்திருந்த வேறொன்று. தொடக்கத்தில் ‘நாம் பட்டமெல்லாம் படிக்கப்போவதில்லை’ என்று நினைத்திருந்த மாணவர்களிடம் திட்டம் தெளிவான பயன் விளைத்திருந்தது. ஏற்கெனவே கல்லூரிக்குப் போக முடிவெடுத்தவர்களோ திட்டம் இல்லாமலும் போனார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு மாணவர் தேர்வைப் பற்றிய நம் வழக்கமான எண்ணத்தைக் கலைக்கிறது. மாவட்டத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர்களைப் பொறுக்கி எடுத்துக் கோடை முகாமுக்கு அனுப்புவது பரிசளிப்பு விழா போன்றது. முகாம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ராஸ் பள்ளியின் விண்ணப்ப முறை இங்கே வழிகாட்டும். தீர்ப்பதற்கு அவகாசம் கொடுத்துச் சில கணக்குகளை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். விடை முழுமையாக வராவிட்டாலும், விட்டுவிடாமல் துழாவிய தடம் தாளில் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

கோடைப் பள்ளிகளுக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஒரு காரணத்தை நான் ஏற்கவில்லை. விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது அது. ஹாரிஸ் கூப்பரும் உடனாய்வாளர்களும் 1996இல் 39 ஆய்வுகளைத் தொகுத்து, சராசரி இழப்பு ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு என்றார்கள். பால்டிமோர் நகரப் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்த கார்ல் அலெக்சாண்டர் குழுவினர், ஒன்பதாம் வகுப்பில் ஏழைக்கும் வசதியானவர்க்கும் இடையே காணப்பட்ட இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு தொடக்கப்பள்ளிக் காலக் கோடைகளில் உண்டானது என்று 2007இல் எழுதினார்கள். ஆனால் பழைய தேர்வுகளின் அளவுகோலே பிழையானது என்றும், புதிய தேர்வுகளில் அந்த இடைவெளி கோடையில் அப்படி விரிவதாகத் தெரியவில்லை என்றும் பால் வான் ஹிப்பல் 2019இல் காட்டினார். எப்படியானாலும் இது சிறு பிள்ளைகளின் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் பற்றிய விவாதம். பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கோடைப் பள்ளி வேண்டும் என்பதற்கு மறதியைக் காரணமாக்கினால், முடிவு பாடப்புத்தகத்தை மறுபடி ஓட்டுவதாகவே இருக்கும்.

பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் உறைவிடக் கோடைப் பள்ளிகள் பலவற்றின் கட்டணம் இன்று பல ஆயிரம் டாலர். தரமான பள்ளிகள் ஏழை மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில முற்றிலும் நீக்குகின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1975 முதல் நடத்தும் ‘மைட்ஸ்’ திட்டத்தில் சேரும் மாணவர் கல்விக்கும் தங்குவதற்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இவற்றுக்கு அருகிலேயே, புகழ்பெற்ற வளாகத்தை வாடகைக்கு எடுத்து, பெரிய கட்டணம் வாங்கி, கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ள ஒரு வரியை விற்கும் வணிகமும் வளர்ந்திருக்கிறது. கட்டணமே தேர்வுமுறையாகிவிட்ட இடத்தில் கல்வி நோக்கம் நிற்காது. அரசு நினைத்தால் வேறு வழியும் உண்டு என்பதற்கு வட கரோலினா சான்று. ஆளுநர் டெரி சான்ஃபோர்டின் முன்முயற்சியில் 1963இல் வின்ஸ்டன்-சேலம் நகரில் ‘ஆளுநர் பள்ளி’ தொடங்கியது. கணிதம், அறிவியல் மட்டுமின்றி இசை, நடனம், நாடகம், மொழி எனப் பல துறை மாணவர்கள் அங்கே கூடினார்கள். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு மாணவரும் தம் துறைக்கு அப்பால் மெய்யியலையும், தம்மையும் சமூகத்தையும் பற்றிய சிந்தனையையும் கட்டாயம் படித்தார். இதைப் பார்த்துப் பிற மாநிலங்களும் தொடங்கின. பின்னாளில் நிதி வெட்டு வந்தபோது அங்கும் கட்டணம் நுழைந்தது.

இந்தியாவில் இதன் சாயல் இல்லாமல் இல்லை. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்னும் கோடைக் கணிதப் பயிற்சி, கல்லூரி மாணவர்களைச் சில வாரம் ஓரிடத்தில் தங்கவைத்து, மனப்பாடத்தை உடைத்து, ஏன் என்று கேட்கப் பழக்குகிறது. புரோமிஸ் பள்ளியின் இந்தியக் கிளை 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கியது. முன்னது பள்ளிப் பருவத்துக்குப் பிந்தியது. பின்னது நாடு முழுவதிலுமிருந்து சிறு எண்ணிக்கையிலான மாணவர்களையே சேர்க்கிறது. தமிழ்வழியில் படிக்கும் ஓர் அரசுப் பள்ளி மாணவிக்கு இரண்டுமே எட்டாத் தொலைவு.

அவளுடைய கோடை எப்படிக் கழிகிறது? பதினொன்றாம் வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டின் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் சிறப்பு வகுப்புகள் தனியார் பள்ளிகளில் பரவலாக நடக்கின்றன. விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை சுற்றறிக்கை விட்டாலும் நடக்கின்றன. வசதி உள்ளவர்கள் நீட் பயிற்சிக்குப் போகிறார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகளில் பலர் கடைக்கோ மில்லுக்கோ வேலைக்குப் போகிறார்கள். கோடைப் பள்ளி இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் இவர்கள் வந்துவிட மாட்டார்கள். அந்த மாதக் கூலி வீட்டுக்குத் தேவைப்படுகிறது. அப்வர்டு பவுண்டு திட்டத்தில் மாணவர்களுக்குச் சிறு உதவித்தொகை தரச் சட்டமே இடமளிக்கிறது. நமக்கும் அது வேண்டும். பெண் பிள்ளையை வாரக்கணக்கில் வெளியூர் விடுதிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்வதைவிட, அதே மாவட்டத்து மகளிர் கல்லூரி விடுதியில் நடத்துவது மேல்.

தமிழ்நாட்டு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் உயர்கல்வி வழிகாட்டலைப் பெருமளவில் கொண்டுசேர்க்கிறது. அது பரப்பால் பயன் தருவது. கோடைப் பள்ளி ஆழத்தால் பயன் தருவது. இலட்சம் பேருக்கு மூன்று நாள் என்று அதை விரித்தால் அதன் உயிர் போய்விடும். நாற்பது பேருக்கு நான்கு வாரம் என்று தொடங்குவதே சரி. விடைத்தாளைப் படித்துத் திருப்பித் தர முதுகலைக் கணித மாணவர் எட்டுப் பேர் இருந்தால் போதும். அவர்கள் தமிழில் நிறுவல் எழுதக் கற்றுத் தருபவர்களாகவும் இருக்க வேண்டும். ஒரு கருத்தை முதன்முதலாகத் தானே கண்டடையும் பிள்ளைக்கு அயல்மொழியின் தடுமாற்றமும் சேர்ந்து சுமையாகக் கூடாது.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய பாடநூல் வேண்டாம். பத்தாம் வகுப்பு இயல் ஒன்றே தொடக்கப் பொருளாகப் போதும். கோடையில் பல கல்லூரி விடுதிகள் காலியாகக் கிடக்கின்றன. அரசுக் கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களிடம் என் வேண்டுகோள்: அரசாணைக்குக் காத்திராமல், இந்த டிசம்பருக்குள் பத்துக் கணக்குகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்து உங்கள் மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். விடை அனுப்பும் பிள்ளைகளின் பெற்றோரோடு பொங்கலுக்குப் பிறகு பேசுங்கள். மே மாதத்தில் விடுதியைத் திறந்துவிடுங்கள்.