கொடி கட்டிய மண்டபம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டில் குடியேறிப் பார் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நகரத்துக்குச் சற்று வெளியே சிறு மனை ஒன்றை வாங்கி, கடனை உடனை வாங்கி நான் வீடு கட்டியது சில வருஷங்களுக்கு முன்பு. "முகூர்த்தத்துக்கு முதல் நாளே சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறேன், ஸார்" என்றார் மேஸ்திரி. சாவியைக் கொடுத்தது என்னவோ உண்மை. ஆனால், கொல்லைப்புறத்துச் சாவிக்குக் கதவுதான் இன்னும் வந்து சேரவில்லை. பால் காய்ச்சிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. புதுச் சுவர்களில் ஈரம் கசிந்தது. மாடியில் பூச்சு வேலை முடியாத பெரிய அறை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து பெரிய நாவல் ஒன்று எழுதப் போவதாக நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். என் மனைவியோ அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி வீட்டுத் துணிகளையெல்லாம் உலர்த்திவிட்டாள். நான் ஈரப் புடவைகளை விலக்கிக்கொண்டு மேஜையைத் தேடும்போது, கீழே அவள் தன் தாயாரிடம் டெலிபோனில், "வீடு ரொம்ப நன்றாக அமைந்திருக்கிறது, அம்மா. நல்ல காற்று!" என்று சொல்வது காதில் விழும். அது பொய்யும் அல்ல. கதவில்லாத வீட்டில் காற்றுக்கு என்ன குறைச்சல்?

அந்த மழைக்காலத்தில்தான் அபிகெயில் ஆடம்ஸ் அம்மையாரின் கடிதங்கள் எனக்குப் படிக்கக் கிடைத்தன. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் மனைவி அவர். இன்று வெள்ளை மாளிகை என்று உலகம் அழைக்கும் வீட்டில் முதன்முதலாகக் குடித்தனம் நடத்தியவரும் அவர்தான். நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆகையால் அரசியலை விட்டுவிட்டு, அந்த அம்மாள் துணி உலர்த்திய இடத்தைத்தான் முதலில் தேடினேன்.

மாளிகைக்கு இடம் பார்த்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். திட்டம் போட்டவர் அயர்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் ஹோபன் என்ற சிற்பி. 1792-ஆம் வருஷம் அக்டோபர் 13-ஆம் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். வர்ஜீனியாவில் வெட்டிய மணற்கல்லால் சுவர் எழுப்பி, பனியில் கல் வெடிக்காமல் இருக்க 1798-இல் சுண்ணாம்பு பூசினார்கள். அந்த வெள்ளைதான் பிற்காலத்தில் வீட்டுக்குப் பெயராக வாய்த்தது. அரசாங்கம் அந்தப் பெயரை ஏற்றது 1901-இல். அதற்குள் ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. இடம் பார்த்த வாஷிங்டனுக்கோ அங்கே ஓர் இரவுகூடத் தங்கக் கொடுத்து வைக்கவில்லை. 1799 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

மறு வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி ஆடம்ஸ் தனியாக வந்து குடியேறினார். நம் பக்கத்தில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. இரண்டு வாரம் கழித்து அம்மையார் புறப்பட்டு வந்தார். பால்டிமோர் நகரத்தைத் தாண்டியதும் வண்டி வழி தவறிவிட்டது. இரண்டு மணி நேரம் காட்டுக்குள் சுற்றினார்கள். நாட்டின் முதல் சீமாட்டிக்குத் தலைநகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியவில்லை! வழியோடு வந்த ஒரு கறுப்பு மனிதர்தான் அவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றினார். அவர் பெயர் என்ன என்று அம்மையார் எழுதவில்லை.

வீடு எப்படி இருந்தது? நவம்பர் 21-ஆம் தேதி மகளுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். ஓர் அறைகூட முழுசாக முடியவில்லை. பிரதான மாடிப்படி வைக்கப்படவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வைக்கப்படப்போவதும் இல்லை. முப்பது வேலைக்காரர்கள் தேவைப்படும் அரண்மனையில், ஆளைக் கூப்பிட ஒரு மணி கிடையாது. வாங்கி வைத்த விறகில் பெரும்பகுதி, அவர்கள் வருவதற்கு முன்பே ஈரச் சுவர்களைக் காய வைப்பதில் எரிந்துபோயிற்று. சுற்றிலும் காடு, ஆனாலும் வெட்டிக் கொண்டுவர ஆள் இல்லாததால் அடுப்புக்கு விறகு இல்லை. வெளியே வேலியோ முற்றமோ இல்லாததால் துணி உலர்த்த இடமில்லை. எனவே, ஜனாதிபதி பிரமுகர்களை வரவேற்பதற்கென்று கட்டிக்கொண்டிருந்த மகா மண்டபத்தில் அம்மையார் கொடி கட்டிவிட்டார். இன்று கிழக்கு அறை என்று சொல்கிறார்களே, அந்த மண்டபத்தில்தான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மகளுக்கு ஓர் எச்சரிக்கையும் செய்கிறார்: இதையெல்லாம் உன்னோடு வைத்துக்கொள், யாராவது விசாரித்தால், இடம் ரொம்ப அழகாக இருப்பதாக அம்மா எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடு, அது உண்மையுங்கூட. இந்த இடத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் மனைவி மாடிப்படியில் நின்று, "என்ன?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை, உன் சிநேகிதி ஒருத்தி எழுதியிருக்கிறாள்" என்றேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து எழுதிய வேறொரு கடிதத்தில், ஜன்னல் வழியே கண்ட காட்சியை வர்ணிக்கிறார். வாசலில் கிடந்த மண்ணையும் குப்பையையும் பன்னிரண்டு கறுப்பு அடிமைகள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அரை வயிற்றுக் கஞ்சி. உடம்பை மூடத் துணி இல்லை. எஜமானனோ சும்மா உலாத்துகிறான். எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர் இந்தப் பன்னிரண்டு பேர் வேலையையும் செய்துவிடுவார்கள் என்று குறை சொல்லவும் அம்மையார் தவறவில்லை. ஆனால் ஆடம்ஸ் தம்பதிகள் ஆயுளில் ஓர் அடிமையைக்கூட வைத்துக்கொண்டதில்லை. அந்தக் காட்சி அவர் நெஞ்சை அறுத்திருக்கிறது.

மாளிகை எழும்பியதே அப்படித்தான். 1795-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டியலில் டாம், பீட்டர், பென், ஹாரி, டேனியல் என்று தச்சர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இல்லை. அவர்கள் அடிமைகள், சிலர் சிற்பி ஹோபனுக்கே சொந்தமானவர்கள். உழைப்பு அவர்களுடையது, சம்பளம் எஜமானனுடையது.

அந்த வீடு அம்மையாருக்கும் சுகம் கொடுக்கவில்லை. வந்து இரண்டு வாரத்தில், நவம்பர் 30-ஆம் தேதி, நியூயார்க்கில் மகன் சார்லஸ் இறந்துபோனான். முப்பது வயது. குடி அவனைத் தின்றுவிட்டது. தகப்பனார் அவனை முன்பே தலைமுழுகிவிட்டார். தாயாரோ வருகிற வழியில் இறங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்தவனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். டிசம்பரில் தேர்தல் தோல்வியும் நிச்சயமாயிற்று. இன்னும் சில வாரங்களில் காலி செய்யவேண்டிய வீடு. வேறொருவராக இருந்தால் பெட்டியை அவிழ்க்காமலே இருந்திருப்பார்கள். அம்மையாரோ 1801 ஜனவரி முதல் தேதி, மாடியிலிருந்த நீள்வட்ட அறையைச் சீர்செய்து, ஊராரை அழைத்துப் புத்தாண்டு விருந்து நடத்தினார். பிப்ரவரியில் ஊருக்குப் புறப்பட்டார். மார்ச் 4-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு, புதிய ஜனாதிபதி ஜெபர்சன் பதவி ஏற்பதற்கு முன்பே, ஆடம்ஸும் வண்டி ஏறிவிட்டார். மொத்தம் நான்கு மாதக் குடித்தனம்.

ஆனால் அந்த வீட்டில் தூங்கி எழுந்த முதல் காலையில் அவர் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இந்த வீட்டுக்கும் இனி இதில் வாழப்போகிறவர்களுக்கும் தெய்வம் நல்லருள் புரியட்டும், யோக்கியர்களும் விவேகிகளும் மட்டுமே இந்தக் கூரையின் கீழ் ஆளட்டும் என்ற வேண்டுதல் அதில் இருந்தது. 1945-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை விருந்து மண்டபத்துக் கணப்புத் திண்டில் பொறிக்கச் செய்தார். இனி வரப்போகிறவர்களுக்காக ஒரு மனிதர் இப்படி வேண்டிக்கொண்டது பெரிய காரியம். டாமும் பீட்டரும் பென்னும் ஹாரியும் டேனியலும் அந்த வேண்டுதலில் இல்லை.

புத்தகத்தை மூடியபோது எங்கள் கிருகப்பிரவேச தினம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதம் எங்களுக்குச் செங்கல் சுமந்த சித்தாள் பெண் அன்று வாசலோடு நின்றுவிட்டாள். என் மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். அந்தப் பெண் சமையலறைச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இது மழையிலே ஒரு தரம் சரிஞ்சுதுங்கம்மா, மறுபடி ஏத்தினோம்" என்றாள். எனக்கு அதுவரை அந்தச் சங்கதி தெரியாது. எட்டு மாதமும் அவளை, "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"அந்தச் சித்தாள் பெண்ணின் பெயர் என்ன?" என்று மனைவியைக் கேட்டேன். அவள் உடனே சொன்னாள். வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து, "சித்தாள் கூலி" என்று எழுதியிருந்த வரியில் அந்தப் பெயரைச் சேர்த்து எழுதினேன்.

மறுநாள் நல்ல வெயில். "மாடிக் கொடியை அவிழ்த்துவிடட்டுமா? உங்களுக்கு எழுத இடைஞ்சல்" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்" என்றேன்.