பிரசவத்துக்குப் பின் தொடரும் ஆபத்து: இரத்த உறைவுக் குறைபாடுகளும் பேறுகாலமும்

பேறுகாலத்தில் ஏற்படும் மிகை இரத்தப்போக்கு, உலகெங்கும் தாய்மார்களின் உயிரிழப்புக்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இருந்து வருகிறது. ஆண்டுதோறும் சுமார் 1 கோடியே 40 லட்சம் பெண்கள் இதனால் பாதிக்கப்படுவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் உயிரிழப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பிரசவம் முடிந்த பின்னர் கருப்பை சரிவரச் சுருங்காமல் போவதே இத்தகைய இரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

ஆனால் ஒரு சிறு பிரிவினருக்குக் காரணம் வேறு. அவர்களது இரத்தம் உறையும் தன்மையிலேயே பிறவிக் குறைபாடு இருக்கிறது. முன்கூட்டியே கண்டறிந்து திட்டமிட்டால், இவர்களில் பெரும்பாலானோர் பாதுகாப்பாகப் பிள்ளை பெற முடியும் என்பது மருத்துவ உலகின் இன்றைய நிலைப்பாடு. குறைபாடு இருப்பது எவருக்குமே தெரியாமல் பிரசவ அறைக்குள் நுழைவதுதான் பெரும் ஆபத்து.

ஓலாந்துத் தீவுச் சிறுமி

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள ஓலாந்துத் தீவுகளில் இருந்து 1924ஆம் ஆண்டு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெல்சிங்கி நகரில் மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டிடம் அழைத்து வரப்பட்டாள். சிறு காயங்களில் இருந்தும் அவளுக்கு இரத்தம் நிற்காமல் ஒழுகியது. அவளது உடன்பிறந்தார் பலருக்கும் இதே தொல்லை இருந்தது. சிலர் சிறுவயதிலேயே இறந்து போயிருந்தனர்.

அக்காலத்தில் அறியப்பட்டிருந்த ஹீமோஃபீலியா நோய் பெரும்பாலும் ஆண்களையே தாக்கியது. இக்குடும்பத்திலோ ஆண், பெண் இருபாலாரும் பாதிக்கப்பட்டிருந்தனர். இது வேறொரு நோய் என்பதை உணர்ந்த வில்லிபிராண்ட், 1926ஆம் ஆண்டு தமது ஆய்வை வெளியிட்டார். அந்தச் சிறுமி தனது 13ஆவது வயதில், நான்காவது மாதவிடாயின்போது, இரத்தப்போக்கு நிற்காமல் உயிரிழந்தாள்.

இன்று அந்த மருத்துவரின் பெயராலேயே அழைக்கப்படும் இக்குறைபாடு, பரம்பரை இரத்தப்போக்கு நோய்களில் மிகப் பரவலானது. இரத்தக்குழாய் கிழியும்போது தட்டணுக்களைக் காயத்தின் மீது ஒட்டச் செய்வதும், உறைவுக் காரணி எட்டைச் சிதையாமல் சுமந்து செல்வதும் வில்லிபிராண்ட் காரணி எனப்படும் புரதத்தின் வேலை. இப்புரதம் ஓரளவு குறைந்திருப்பது முதல் வகை. அளவு இருந்தும் செயல் சரியில்லாதது இரண்டாம் வகை. அறவே இல்லாதது மூன்றாம் வகை. நோயாளிகளில் பெரும்பாலானோர் முதல் வகையினர். மூன்றாம் வகை பத்து லட்சத்தில் ஒருவருக்கு ஏற்படுவதாகக் கூறப்பட்டாலும், உறவுக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் அது அதிகம் காணப்படுகிறது.

பேறுகாலம் இடும் திரை

கருவுற்ற பெண்ணின் உடலில் வில்லிபிராண்ட் காரணியும் உறைவுக் காரணி எட்டும் மாதந்தோறும் உயர்ந்துகொண்டே போகின்றன. ஏழாம், எட்டாம் மாதங்களில் அவை வழக்கமான அளவைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்காகிவிடுவதுண்டு. பிரசவ இரத்தப்போக்கைச் சமாளிக்க இயற்கை செய்துகொள்ளும் முன்னேற்பாடு இது.

இதன் விளைவாக, முதல் வகைக் குறைபாடுள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் எடுக்கப்படும் சோதனை முற்றிலும் இயல்பான முடிவைத் தரக்கூடும். பிரசவமும் சிக்கலின்றி முடிந்துவிடலாம். பிரசவத்துக்குப் பின்னர் இந்த உயர்வு படிப்படியாக வடிந்து, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கருப்பையின் காயம் இன்னும் ஆறியிராத காலம் அது. தாய் வீடு திரும்பி, மருத்துவக் கண்காணிப்பும் தளர்ந்துவிட்ட அந்த நாட்களில்தான் இரத்தப்போக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. பிரசவமாகி 24 மணி நேரத்துக்குப் பின்னர் ஏற்படும் இத்தகைய இரத்தப்போக்கு, உறைவுக் குறைபாடுள்ள பெண்களிடையே மற்றவர்களைவிட அதிகம்.

எல்லோருக்கும் இந்த இயற்கைப் பாதுகாப்பு கிடைப்பதும் இல்லை. மூன்றாம் வகையினருக்குக் காரணியின் அளவு உயர்வதே இல்லை. இரண்டாம் வகையில் அளவு உயர்ந்தாலும் செயற்பாடு அதற்கேற்ப மேம்படுவதில்லை. அதன் ஒரு உட்பிரிவில் கர்ப்பம் வளர வளரத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியவும் செய்கிறது.

வழக்கமான சோதனைக்குத் தப்புபவை

இவற்றைவிட அரியவையும் உண்டு. உறைவுக் காரணி பதின்மூன்று இல்லாதவர்கள் ஏறத்தாழ 20 லட்சத்தில் ஒருவர். இவர்களது இரத்தம் உறைகிறது, ஆனால் உறைந்த கட்டி உறுதிபெறாமல் கரைந்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி விழும் இடத்தில் நாட்கணக்கில் இரத்தம் கசிவது இதன் முதல் அறிகுறி. பெண்களுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஏற்படுவது மற்றோர் அறிகுறி.

மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் இரத்த உறைவுச் சோதனைகள் இரண்டிலும் இக்குறைபாடு தென்படாது. அதற்கெனத் தனிச் சோதனை கேட்டுப் பெற வேண்டும். கண்டறிந்துவிட்டால் தீர்வும் இருக்கிறது. இக்காரணி உடலில் பல நாட்கள் நீடிப்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியாக அதனைச் செலுத்தி வந்தால், பல முறை கருவை இழந்த பெண்கள்கூட நிறைமாதக் குழந்தையைப் பெற்றெடுக்க முடிகிறது.

1918ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் விவரித்த தட்டணுக் குறைபாடும் இத்தகையதே. இதில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். அவை ஒன்றுடன் ஒன்று பிணைவதில்லை. அடிக்கடி பிறரது தட்டணுக்கள் ஏற்றப்பட்ட பெண்ணின் உடலில் அவற்றுக்கு எதிரான பொருட்கள் உருவாகி, நஞ்சுக்கொடி வழியே சென்று சிசுவின் தட்டணுக்களையும் அழிக்கக்கூடும்.

ஹீமோஃபீலியாவைச் சுமக்கும் பெண்கள்

ஹீமோஃபீலியா ஆண்களின் நோய், பெண்கள் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள் மட்டுமே என்ற கருத்து நீண்ட காலம் நிலவியது. உண்மையில் இப்பெண்களில் கணிசமானோருக்கு உறைவுக் காரணி குறைவாகவே இருக்கிறது. இதனை ஏற்று, அவர்களில் அளவு குறைந்தவர்களையும் ஹீமோஃபீலியா நோயாளிகளாகவே வகைப்படுத்தும் புதிய பெயரிடல் முறையைச் சர்வதேச நிபுணர்கள் 2021ஆம் ஆண்டு முன்வைத்தனர்.

கர்ப்பகாலத்தில் காரணி எட்டு உயர்வதைப் போல் காரணி ஒன்பது உயர்வதில்லை. எனவே ஹீமோஃபீலியா பி வகையைச் சுமக்கும் பெண்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டியுள்ளது.

இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தாலும், பாலினம் சார்ந்த மரபணு நோய்களைக் கண்டறிய, பதிவு பெற்ற மையங்களில் கருவைச் சோதிக்க அதே சட்டம் இடமளிக்கிறது.

பிரசவத் திட்டம்

உறைவுக் குறைபாடுள்ள பெண்ணுக்குப் பிரசவ வலி தொடங்குவதற்கு வெகு முன்பே எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவர், இரத்தவியல் நிபுணர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர் ஆகியோர் கூடி அதனை வகுப்பது வழக்கம். உறைவுக் காரணியின் அளவு கர்ப்பத்தின் தொடக்கத்திலும், ஏழாம் மாதத்துக்குப் பின்னரும் அளக்கப்படுகிறது.

இயல்பானவர்களின் சராசரியில் பாதியளவு, அதாவது 100க்கு 50 என்ற நிலை, பிரசவத்துக்கான கீழ் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. முதுகுத்தண்டில் ஊசி வழியாக மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துவது குறித்தும் இந்த அளவை வைத்தே முடிவெடுக்கின்றனர். அளவு குறைந்திருந்தால், இரத்தத்தில் இருந்து பிரித்தெடுக்கப்பட்ட காரணி மருந்து ஏற்றப்படுகிறது. அந்த அளவை இயல்பான பிரசவமாயின் குறைந்தது மூன்று நாட்களும், அறுவைச் சிகிச்சையாயின் குறைந்தது ஐந்து நாட்களும் தக்கவைக்க வேண்டும் என 2017ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான வழிகாட்டி நெறிமுறைகள் கூறுகின்றன.

உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் இன்று இன்றியமையாத மருந்தாகிவிட்டது. விலை மலிவான இம்மருந்தை 1960களின் தொடக்கத்தில் ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகாமோட்டோவும் அவரது கணவரும் கண்டறிந்தனர். பிரசவ இரத்தப்போக்கில் அதன் பயனைச் சோதிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 21 நாடுகளில் 20 ஆயிரம் பெண்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. மூன்று மணி நேரத்துக்குள் மருந்தைக் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக அந்த ஆய்வு காட்டியது. வில்லிபிராண்ட் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 10 முதல் 14 நாட்கள் வரை இதனை மாத்திரையாகத் தருவதுண்டு.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. தசையில் போடும் ஊசிகள், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைக்கும் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், உறிஞ்சு கருவியால் தலையைப் பற்றி இழுப்பது மூளைக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். முடிவு தெரியும் வரை காது குத்துதல், சுன்னத்து ஆகியவற்றைத் தள்ளிப்போடுவது நல்லது.

தமிழ்க் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

தாய்மாமனையோ, மாமன் அத்தை மக்களையோ மணக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இன்றும் முற்றாக மறையவில்லை. பெற்றோர் இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு பாதிப்புக்கு வாய்ப்புண்டு. மூன்றாம் வகை வில்லிபிராண்ட் குறைபாடு, கிளான்ஸ்மன் குறைபாடு, காரணி பதின்மூன்று குறைபாடு ஆகிய மூன்றும் இவ்வாறே கடத்தப்படுகின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறை இத்தகைய நோயாளிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

புலம்பெயர்ந்த நாடுகளில் முதல் பரிசோதனையின்போதே குடும்ப நோய் வரலாறு கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பாட்டிமாரும் பெரியம்மாமாரும் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கின்றனர். மாதவிடாய் பற்றியும் கருச்சிதைவு பற்றியும் குடும்பத்துக்குள் வாய்விட்டுப் பேசும் வழக்கமும் குறைவு. ஏழு நாட்களுக்கு மேல் நீளும் மாதவிடாய், பல் பிடுங்கிய பின் நில்லாத இரத்தம், பிரசவத்தில் உயிர்போன அத்தை, தொப்புள் ஆறாமல் இறந்த குழந்தை என்பவை குடும்பத்தில் விதியென்று சொல்லப்பட்டிருக்கலாம். மருத்துவருக்கு அவை தடயங்கள். கருவுறுவதற்கு முன்பே ஊருக்குத் தொலைபேசியில் கேட்டு அறிந்துகொள்வது எந்தச் சோதனையையும்விடச் செலவு குறைந்தது.

மேலை நாடுகளில் இயல்பான பிரசவமானால் ஓரிரு நாட்களில் தாயை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். அதன் பிறகு அவர் பத்தியத்திலும் துடக்கிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பது நம்மவர் வழக்கம். அந்நாட்களில் இரத்தம் போவது இயல்புதான் என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவார்கள். படிப்படியாகக் குறைந்து நிறம் வெளுத்துவருவதே இயல்பு. குறைந்துவந்த இரத்தம் மீண்டும் செந்நிறத்தில் பெருகுவது, ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனைவது, பெரிய கட்டிகள் வெளியேறுவது, தலைசுற்றுவது ஆகியவை இயல்பல்ல. குறைபாடு இருப்பதாக அறிந்தவர்களும் அறியாதவர்களும், துடக்குக் கழியும் நாளுக்குக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.